இருபத்துநாலு குதிரைகளும் ஒரு சம்பந்தியும்

மே 19, ஞாயிறு

இன்று சம்பந்தி வந்து காடு ஓட்டிக் கொடுத்தார். மழை பெய்தது போன திங்கட்கிழமை. செவ்வாயன்று ஓட்டியிருந்தால் மண் புட்டு மாதிரி உதிர்ந்திருக்கும். இன்றைக்குப் பெயர்ந்து வந்ததெல்லாம் கட்டி. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. அந்தக் கட்டிகளுக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "பிரமாதமுங்க சம்பந்தி" என்றேன். அவரும் சங்கடமாகச் சிரித்தார்.

இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும். உரக்கடையில் கொடுத்த டைரியில் இதுவரை மோட்டார் போட்ட நேரம் மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இனி இதற்கும் ஆகட்டும்.

விஷயம் இதுதான். என் ஒரே மகள் கோகிலவாணியைக் கட்டிக் கொடுத்திருப்பது பக்கத்து ஊரில். அவள் மாமனார் ராக்கியப்பன், இரண்டு டிராக்டர் வைத்து வாடகைக்கு உழவு ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவருக்கு வாடகை கொடுத்துத்தான் ஓட்டினேன். ஈரம் காய்வதற்குள் வண்டி வந்து நிற்கும். தாலி ஏறிய நாளோடு அந்தச் சுகம் போயிற்று. சம்பந்தியிடம் காசு வாங்குவது அவருக்குக் கேவலம். காசில்லாமல் ஓட்டுகிற காடு, காசு கொடுத்தவர்கள் காடெல்லாம் முடிந்த பிறகுதானே வரும்? வேறு வண்டியைக் கூப்பிட்டால் சம்பந்திகளுக்குள் சண்டை என்று மறுநாளே டீக்கடையில் பேசுவார்கள். ஏன் இத்தனை தாமதம் என்று வாய்விட்டுக் கேட்டாலோ, அங்கே என் மகள் சமையலறையில் நின்று கண்ணைக் கசக்க வேண்டியிருக்கும். அவள் வாயில்லாப் பூச்சி. அவளுக்காகத்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இதில் சோறு வேறு. சம்பந்தி வந்து உழுதுவிட்டு வெறும் வயிற்றோடு போக முடியுமா? நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், முட்டை, ரசம், அப்பளம், பாயசம். பரிமளம் விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு வரவில்லை. "இத்தனை சமைக்கற நேரத்துக்கு நானே மம்முட்டி எடுத்துப் பாதிக் காட்டக் கொத்தீருப்பேன்" என்றாள். என் மனைவிக்குப் பேச்சு எப்போதும் இப்படித்தான்.

சம்பந்திக்கு என்ன, எல்லாவற்றையும் சாப்பிட்டார். இரண்டாம் தம்ளர் பாயசம் ஊற்றும்போது மட்டும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ருசியில் என்று நினைக்கிறேன்.

மே 20, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். ஆடி மாதம் கடலை விதைப்பதற்குள் சொந்த டிராக்டர்.

மே 22, புதன்

வாங்குவது என்று ஆயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். சம்பந்தியிடம் இருப்பது நாற்பத்தைந்து குதிரைத் திறனில் ஒன்று, ஐம்பதில் ஒன்று. ஐம்பதுக்கு மேலே போனால் வீம்புக்கு வாங்கினான் என்பார்கள். நாற்பத்தைந்திலேயே வாங்கினால் போட்டிக்கு வாங்கினான் என்பார்கள். முப்பத்தைந்து என்றால் வக்கில்லாமல் வாங்கினான் என்பார்கள். எந்த வண்டி எந்த மண்ணுக்குத் தோது என்று யோசிக்கவே இடமில்லாமல் போயிற்று.

"நீங்க டிராக்டரு பாக்கறீங்களா, பொண்ணுப் பாக்கறீங்களா?" என்றாள் பரிமளம்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் வழி கிடைத்தது. சம்பந்தியின் வண்டியால் முடியாத வேலைக்கென்று ஒரு வண்டி வாங்கினால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பெரிய வண்டி எங்கே நுழையாது? வாழைக்குள் நுழையாது. தென்னைக்கு நடுவே ஊடுபயிராக வாழை இருந்தால் சின்ன டிராக்டர்தான் போக முடியும். அதை வாங்கிவிட்டால் கடலைக் காட்டையும் அதிலேயே சத்தம் போடாமல் ஓட்டிக்கொள்ளலாம்.

என் தென்னந்தோப்பில் வாழை இல்லை. வைத்துவிட்டால் போயிற்று.

மே 26, ஞாயிறு

உடுமலையில் டிராக்டர் கடைக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி, நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "என்ன வேலைக்குங்க சார் வேணும்?" என்று கேட்டார்.

"பெரிய வண்டி போகாத எடத்துக்கு."

"எந்த எடமுங்க சார்?"

"இனிமேத்தான் உண்டாக்கோணும்."

தம்பி பரிமளத்தைப் பார்த்தார். அவள் டீயைப் பார்த்தாள்.

இருபத்துநாலு குதிரைத் திறனில் ஒரு குட்டி டிராக்டர். ஆரஞ்சு நிறம். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பிறகு பின்னால் மாட்டுகிற சாமான்களைக் காட்டினார். கொத்துக் கலப்பை, பார் போடுகிற கலப்பை, மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டர், தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கிற மிசின், மட்டம் தட்டுகிற பலகை. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைக்கச் சொல்கிற மாதிரி நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். பரிமளம் முழங்கையால் இடித்ததில் குழி எடுக்கிற மிசின் கழன்றுகொண்டது.

ரோட்டவேட்டரில்தான் வாக்குவாதம். இந்த வண்டிக்கு நாலடிதான் தாங்கும் என்றார் தம்பி. "வாங்கறது வாங்கறோம், அஞ்சடியாவே இருக்கட்டும்" என்றேன்.

"முன்னாடி தூக்கீருமுங்க சார்."

"அதெல்லாம் ஓட்டறவன் கையில இருக்குது தம்பி."

நான் இதுவரை ஓட்டியது மாட்டு வண்டியும் மொபெட்டும்தான் என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

தோப்பில் வாழைக்கட்டை நட்டு முடித்தாயிற்று. வாழை வைத்ததற்காக டிராக்டர் வாங்கியவர்கள் உண்டு. டிராக்டர் வாங்குவதற்காக வாழை வைத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதுகு ஒடிந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

வண்டி வந்தது. சத்தமில்லாமல் கொண்டுவந்து இறக்குங்கள் என்று கடையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்த லாரிக்காரன் வழி தெரியாமல், டிராக்டர் நிற்கிற வீடாகப் பார்த்து வழி கேட்டிருக்கிறான். அது சம்பந்தி வீடு.

பத்தாவது நிமிஷத்தில் போன். "வண்டி வாங்கீருக்கீங்களாமா. நெம்ப சந்தோசமுங்க சம்பந்தி." அந்தச் சந்தோஷத்தில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

"பொம்மை மாதிரி சின்ன வண்டிங்க. வாழைக்குள்ளாற ஓட்டறதுக்குத்தானுங்க. நம்ம காட்டுக்கெல்லாம் உங்க வண்டிதானுங்க" என்றேன்.

"வாழை எப்பங்க வெச்சீங்க?"

"அது... இருக்குதுங்க."

கோகிலாவைக் கேட்டேன். வேலையாக இருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளைக்கு அப்படி என்ன வேலை? கஷ்டப்படுத்துகிறார்களோ என்னவோ.

ஜூன் 10, திங்கள்

ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் போனேன். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது ரோட்டவேட்டரைத் தூக்க வேண்டும் அல்லவா, தூக்கினேன். அது மேலே போவதற்குப் பதிலாக என் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் மேலே போயின. நான் வானத்தைப் பார்த்தபடி, தென்னை மரத்தில் காய் பிடித்திருப்பதையெல்லாம் நன்றாகப் பார்த்தேன். அந்த நிலையில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

பரிமளம் வரப்பில் நின்று, "ஓட்டறவன் கையில இருக்குதுன்னீங்க, கையக் காட்டுங்க பாக்கலாம்" என்றாள்.

மெதுவாக இறக்கினேன். பிறகு கொல்லைப்புறத்தில் கிடந்த ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து வண்டியின் மூக்கில் சங்கிலி போட்டுக் கட்டினேன். அதற்கப்புறம் முன்பக்கம் தூக்கவில்லை. பரிமளம்தான் ஆட்டுக்கல் போயிற்றே என்று சாயங்காலம் வரை முனகிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

வண்டிக்குப் பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சம்பந்தியைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? கூப்பிட்டால் முதல் ஓட்டம் அவரை ஓட்டச் சொல்லாமல் இருக்க முடியுமா?

"நீங்க ஏறுங்க சம்பந்தி."

"அட, நீங்கதான் ஏறோணும்."

"உங்க கைராசி யாருக்குங்க வரும்?"

மூன்றாவது முறை சொன்னதும் ஏறிவிட்டார். மூன்றாவது முறையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. தென்னைக்கும் வாழைக்கும் இடையில் புகுந்து, திரும்பி, மறுபடி புகுந்து, வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டே போனார். ஐம்பது குதிரையில் உட்கார்ந்த மனிதர் இந்தச் சின்ன வண்டியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்துகொண்டு அப்படிச் சிரித்தார். அறுபது வயது மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பரிமளம் இலை போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள், காதில் விழவில்லை.

இறங்கியதும், "ஒரு ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா, எங்கூர்ல ஒரு வாழைக்காட்ட ஓட்டிப் பாத்துட்டு அனுப்பீருவனுங்க" என்றார்.

"உங்க வண்டிங்க அது. எடுத்துட்டுப் போங்க" என்றது என் வாய்.

வண்டி போயிற்று. ரோட்டவேட்டர், கொத்துக் கலப்பை, ஆட்டுக்கல் எல்லாம் சேர்ந்து போயிற்று.

ஜூன் 20, வியாழன்

வண்டி வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

வண்டி வரவில்லை. வாழைக்குள் களை முழங்காலுக்கு வந்துவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு கூடை மாம்பழத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். வெறும் கையோடு போய் வண்டியைக் கேட்டால் நன்றாக இருக்காது. மாம்பழத்தோடு போனாலும் கேட்க முடியவில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

என் வண்டி வாசலிலேயே நின்றது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. பளபளவென்று கழுவி, மேலே வெயிலுக்கு ஒரு கூரை போட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டி, வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி சௌகரியமாக நின்றது. மூக்கில் ஆட்டுக்கல்லைக் காணோம். அந்த இடத்தில் அழகாக இரும்பு எடைக்கட்டிகள் மாட்டியிருந்தன.

முன்கூடத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினோம், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம், வெள்ளை ஈயைப் பற்றிப் பேசினோம். சுற்றி வளைத்து, "எங்க வாழைக்குள்ளயும் களை ஏறிப் போச்சுங்க" என்றேன்.

சம்பந்தி தலையைச் சொறிந்தார். "எப்ப அனுப்பறதுன்னு ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க."

இவர் எதற்கெடுத்தாலும் ஊட்டுல கேட்டுச் சொல்கிறேன் என்கிறவர். அப்படியென்றால் என் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது சம்பந்தியம்மாதான். பார்த்தால் சாதுவாகச் சிரித்துக்கொண்டிருக்கிற அம்மாள். மனிதர்களை நம்பவே முடியாது.

நான் இருந்த அரை மணி நேரத்தில் கோகிலா காபி கொடுத்ததோடு சரி. ஓயாமல் போன். பின்கட்டுக்குப் போய், "நாளைக்கு ஒம்பது மணிக்குள்ள வந்துருமுங்ணா, நீங்க போர்வெல்லுக்கிட்ட நில்லுங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். பால் கறக்க வருகிறவனாக இருக்கும். பாவம், இத்தனை பெரிய வீட்டு வேலையும் அவள் தலையில்தான். புறப்படும்போது என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"என்ன கண்ணு, எதாச்சும் மனசுக்கு வருத்தமா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்ப்பா. சொந்த வண்டி வாங்கீட்டீங்க. இனி உங்களுக்கென்ன" என்றாள்.

வாயில்லாப் பூச்சிக்கு இப்படிப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 10, புதன்

சம்பந்தியம்மாவுக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 13, சனி

சம்பந்தியம்மா நாலு தேங்காய்ப் பன் கொடுத்தனுப்பினார்கள். வண்டி வரவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று, எங்கள் பக்கம் பண்டிகை. மகளும் மாப்பிள்ளையும் நோம்பிக்கு வந்தார்கள். தேங்காய் சுட்டோம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவர். அவரைத் தனியாகத் தென்னைப் பக்கம் அழைத்துப் போய், இடுப்பளவு களையைக் காட்டி, வண்டிப் பேச்சை எடுத்தேன்.

"வண்டி சமாச்சாரமெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா. பூரா ஊட்டுலதான் பாத்துக்கறாங்க" என்றார். அப்பனும் மகனும் ஒரே பாட்டு.

சாப்பாட்டு நேரத்தில் கோகிலாவுக்கு மறுபடியும் போன். சோற்றில் கை வைத்தபடி, "டீசல் போட்டுட்டு பில்ல வாங்கி வெய்யுங்க" என்றாள். பரிமளம் என்னைப் பார்த்தாள். எனக்கு இருமல் வந்துவிட்டது, நாலு நாளாகவே விடாத இருமல்.

ஜூலை 24, புதன்

மழை. அப்பாடா, என்ன மழை. சாயங்காலம் பிடித்தது, ஓடையில் தண்ணீர் போகிற அளவு பெய்துவிட்டு நின்றது. விதைக்கடலை உடைத்துத் தயாராக இருக்கிறது. உடைத்த பருப்பு அதிக நாள் தாங்காது. இரண்டு நாளில் உழுது விதைக்காவிட்டால் இந்த வருஷம் கடலை இல்லை. போன வருஷமும் சரியாக இல்லை, ஈரம் போன பிறகு விதைத்துப் பாதி முளைக்கவில்லை. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் அந்தக் காட்டைத் தரிசாகப் போட வேண்டியதுதான். எனக்குப் பயமாகவே இருக்கிறது.

சம்பந்திக்குப் போன் போட்டேன். "நல்ல மழைங்க சம்பந்தி" என்றேன். "ஆமாங்க, நல்ல மழைங்க" என்றார். அதோடு இருவரும் போனை வைத்துவிட்டோம்.

ஜூலை 25, வியாழன்

மானம் மரியாதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் விதை மட்கிவிடும். வெளியூர் வண்டி ஒன்றை வரவழைத்து, ஊர் எழுந்திருக்கும் முன்னால் உழுது முடித்துவிடுவது என்று துணிந்தேன். டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'கே.வி. உழவு வண்டிகள். கொத்துக் கலப்பை, ரோட்டவேட்டர், வாழைக்குள் ஓட்டச் சின்ன வண்டியும் உண்டு. சொன்னால் சொன்ன நேரம்.' கேசவனோ, கிருஷ்ணவேலோ, யாரோ வெளியூர்க்காரன். என் நம்பரிலிருந்து போட்டால் நாளைக்கு யாருக்காவது தெரிந்துவிடும் என்று டீக்கடைக்காரரின் போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன்.

"வணக்கமுங்க, கே.வி. உழவுங்க. எந்த ஊருங்க, எத்தனை ஏக்கருங்க?"

பெண் குரல், அதிகாரமான குரல். நான் துண்டை வாயில் வைத்துக் குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"பக்கந்தானுங்க. அஞ்சு ஏக்கரு. கடலைக் காடு. நாளைக்கு வெடியால இருட்டோட வந்து ஓட்டோணும்."

"இருட்டோட ஏனுங்க?"

"வெயிலு எனக்கு ஆவாதுங்க."

"ஓட்டறது நாங்கதானுங்க. பேரு சொல்லுங்க."

பேரை யோசித்து வைக்கவில்லை. "முருகேசனுங்க" என்றேன்.

"சரிங்க முருகேசண்ணா. கொத்துக் கலப்பைல ஒரு சால் ஓட்டீட்டு, மேல ரோட்டவேட்டர் போட்டுரலாமுங்க. எடத்துக்கு அடையாளம் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அடக்க அடக்க அடங்கவில்லை. மூச்சு வாங்கி நின்றேன். பிறகு குரல் வந்தது.

"ஏனுங்ப்பா, இருமலு இன்னும் நிக்கலீங்களா? நோம்பியன்னைக்கே டாக்டர்கிட்டப் போங்கன்னு சொன்னேன்."

அங்கிருந்த காலி டிரம்மின் மேல் உட்கார்ந்தேன்.

"கண்ணு, நீ எப்பிடி இந்த நம்பர்ல?"

"உழவுக்குன்னு வெச்சிருக்கற என்னோட நம்பருதானுங்ப்பா. வண்டி எங்கெங்க போகோணும், யாருக்கு எப்ப போகோணும், பூரா நாந்தான் பாக்கறேன். கல்யாணமாகி ஆறு மாசத்துலயே மாமா எங்கிட்டக் குடுத்துட்டாரு. அவரு பாத்தப்ப பாதிப்பேரு வாடகையே குடுக்கறதில்ல."

ஊட்டுல என்பது யார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அப்ப எங்காட்டக் கடைசியில வெச்சது..."

"நாந்தான்."

"பெத்த அப்பன் காட்டையா?"

"பெத்த அப்பன் காடுங்கறதாலதான்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "மழை பேஞ்சா இருபது பேரு கேக்கறாங்க. வந்த மருமக, பொறந்த ஊட்டுக்கு மொதல்ல அனுப்பறான்னு ஒரு பேரு வந்துச்சுன்னா அப்பறம் எம்பேச்ச அங்க யாரு கேப்பாங்க? மாமா கூட உங்க காட்ட மொதல்ல வெய்யி அம்மிணின்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒத்துக்கல. சும்மா ஓட்டற காட்ட எந்த நியாயத்துல முன்னாடி வெக்கறது? நீங்களும் ஒரு நாளு, ஏங் கண்ணு நேரமாவுதுன்னு எங்கிட்டக் கேட்டீங்களா? நேராப் போயி வண்டி வாங்கீட்டீங்க. அந்த லாரிக்காரன் எங்கிட்டத்தான் வழி கேட்டான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

அழுகிறாளோ என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். அழவில்லை, மூக்கை உறிஞ்சினாள். இவளுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தன் பேர் கெடக்கூடாது என்று இவள் என் காட்டைக் காய விட்டிருக்கிறாள். கோபம் வந்தது. கோபத்தைவிடப் பெருமை அதிகமாக வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி இருமினேன்.

"இப்ப என்ன கண்ணு பண்றது?"

"முருகேசனுக்கு என்ன சொன்னனோ அதுதான். வாடகை குடுங்க, வரிசையில வாங்க. வாடகை குடுக்கறவங்க காட்டுக்கு எப்ப வண்டி போனாலும் எவனும் வாயத் தொறக்க முடியாது. நாளைக்கு எட்டு மணிக்கு வருது. இருட்டோடயெல்லாம் முடியாது."

"மாமா என்ன சொல்லுவாரு?"

"அவரு எப்பவோ சரீன்னுட்டாரு. உங்ககிட்ட வாடகை கேக்க யாருக்கும் தைரியம் வரல, அவ்வளவுதான்."

சின்ன வண்டி அங்கேயே இருக்கட்டும், சீர் என்று வைத்துக்கொள் என்றேன். வாழைக்காரர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்களாம், ஒரு நாள் சும்மா நிற்பதில்லையாம். அஞ்சடி ரோட்டவேட்டரை அவள் நாலடிக்கு மாற்றிவிட்டாளாம்.

"சீருன்னா அந்த ஊட்டு வண்டியாயிருமுங்ப்பா. குடுக்கறதா இருந்தா எம்பேருக்கு மாத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு போன் வருகிறது என்று வைத்துவிட்டாள்.

டீக்கடைக்காரர், "யாருங்க, உழவுக்காரங்களா? நெம்பக் கறாருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

யோசிக்க வேண்டும்.

அதே நாள், சாயங்காலம்

யோசித்துவிட்டேன். பேரை மாற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பரிமளத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு நோம்பியன்னைக்கே தெரியும்" என்றாள். "பின்ன ஏன் சொல்லலை?" "நீங்களா கண்டுபுடிப்பீங்கன்னு பாத்தேன்." இந்த வீட்டில் யாரும் எதையும் யாரிடமும் சொல்வதில்லை.

ஜூலை 26, வெள்ளி

சொன்னபடி எட்டு மணிக்குப் பெரிய வண்டி டிரைவரோடு வந்து கொத்துக் கலப்பையை இறக்கியது. முதல் வரிசை முடியும் நேரத்தில், சாலையில் என் ஆரஞ்சு வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது கோகிலா. சுடிதாரின் மேல் அவள் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பெரிய வண்டி முன்னால் உழுதுகொண்டு போக, இவள் பின்னாலேயே ரோட்டவேட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். மூலை திரும்பும்போது ரோட்டவேட்டரைத் தூக்கி, வண்டியை வளைத்து, விட்ட இடத்தில் சரியாக இறக்கினாள். முன்சக்கரம் மண்ணை விட்டு அசையவில்லை. வரப்பில் நிற்க முடியாமல் நானும் கூடவே நடந்தேன். மண் புட்டு மாதிரி விழுந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன், கையில் ஒட்டியும் ஒட்டாமலும் அப்படி ஒரு பதம்.

சம்பந்தி மொபெட்டில் வந்து புளியமரத்தடியில் நின்றார். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் இந்தக் காட்டுக்கு முதல் தடவையாக வேலை இல்லாமல் வந்திருக்கிறார், அதனால் கொஞ்சம் கூச்சமாக இருந்தார். பரிமளம் சாப்பிடக் கூப்பிட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"மன்னிச்சுக்கோணுங்க. எனக்குச் சக்கரைங்க. மூணு வருசமா மாத்திரை முழுங்கறேன். பாயசம் வேண்டான்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு குடிச்சுப் போடறது. ஒவ்வொருக்கா உங்க காட்ட ஓட்டீட்டு வந்தா ஒரு வாரம் எந்திரிக்க முடியாதுங்க."

"அதை வாயத் தொறந்து சொல்லக்கூடாதுங்களா?" என்று பரிமளம் கத்தியே விட்டாள். "நான் வெடியக்காலத்துல எந்திரிச்சு இடுப்பொடிய ஆக்கிப் போட்டனே!" பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவர் விட்ட பெருமூச்சு எனக்கே நிம்மதியாக இருந்தது. அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சம்பந்தியைச் சாப்பிட வைக்காமல் அனுப்பியது இதுதான் முதல் முறை.

மத்தியானத்துக்குள் அஞ்சு ஏக்கரும் முடிந்தது. டிரைவர் பெரிய வண்டியோடு அடுத்த காட்டுக்குப் போய்விட்டார். கோகிலா வாசலில் வண்டியை நிறுத்தி, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, திண்ணையில் உட்காராமல் நின்றபடியே கையை நீட்டினாள்.

"வாடகைங்க."

"பெத்த அப்பங்கிட்டயே கை நீட்டறாளே!" என்று பரிமளம் தலையில் அடித்துக்கொண்டாள். நான் உள்ளே போய், எடுத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் கொடுக்கிற அதே வாடகை, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் கொஞ்சம் தள்ளி வெளிச்சத்தில் நின்றுதான் கொடுத்தேன். அவள் வாங்கிப் பையில் வைத்து, "வர்றனுங்க" என்று கும்பிட்டுவிட்டு, வண்டியில் ஏறி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பரிமளம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. வாடகை வாங்குகிறவளாக இருந்தால் மகளாக இருக்க முடியாது போலிருக்கிறது, இதற்குக் காடு காய்ந்தே கிடந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது கேட் மறுபடி திறந்தது. வண்டி வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. சட்டையைக் கழற்றி, தலைத் துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"உழவுக்காரி போயிட்டாம்மா. பசிக்குது, சோறு போடு" என்றாள்.

பரிமளம் எழுந்து ஓடினாள். சம்பந்திக்கென்று வைத்த குழம்பு சட்டியோடு அப்படியே இருந்தது. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாயசம் இரண்டு தம்ளர். நடுவில் போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலையில் விதைப்பு.